இரண்டாவது பூட்டு

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒருவன் லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்குவதற்கு முன், உச்சி மாடி மெஷின் ரூமில் மின்சாரத்தை அணைத்து, அணைத்த கைப்பிடியில் பூட்டுப் போட வேண்டும். எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்களோ அத்தனை பூட்டு. அவனவன் சாவி அவனவன் சட்டைப்பையில். அடுத்தவன் வாய்ச்சொல்லை நம்பி யாரும் தலையை நீட்டக் கூடாது. இதை விளக்கும் படம் ஒன்று எல்லா மெஷின் ரூம் சுவரிலும் ஒட்டியிருக்கும். படத்திலிருக்கும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பதினொரு மாடி படியேற வேண்டிய தலையெழுத்து அவர்களுக்கு இல்லை.

நடைமுறை வேறு. ஓடாத லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவன் நடந்துதான் ஏற வேண்டும். அதனால் கூட்டாளிகள் இருவரில் ஒருவன் மட்டும் ஏறி ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, லிஃப்ட் ஓடும் அந்த நெடுங்கிணறு போன்ற இருட்டுக்குள் தலையை விட்டு "பூட்டு" என்று குரல் கொடுப்பான். கீழே நிற்பவன் "பூட்டு" என்று திருப்பிச் சொல்வான். பிறகு "சாவி?" என்பான். "எங்கிட்ட" என்று மேலிருந்து பதில் வரும். அவ்வளவுதான். அந்த நாலு சொல்லை நம்பி ஒரு டன் இரும்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான்.

அவன் அப்படிப் பதினாறு வருஷம் உட்கார்ந்தான். கம்பெனி கொடுத்த அவனுடைய சொந்தப் பூட்டு, வந்த நாளில் சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதத்தோடு கருவிப் பெட்டியின் அடியில் கிடந்தது.

வேலையிடத்தில் அவனுக்கு நிதானம் என்று பெயர். எந்த நட்டைத் தொட்டாலும் "நிதானம், நிதானம்" என்று முணுமுணுத்துக்கொண்டே தொடுவான். சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் பயன்பட்டது. மேலே ஏறுகிற கூட்டாளிக்கு வெடி என்று பெயர். பதினொரு மாடி இறங்கி வந்தும் உடையாத குரல் அவனுக்கு. "இவருக்கு எதுக்குப் போனு, ஜன்னலைத் தொறந்தாப் போதும்" என்று அவன் மனைவியே சொல்லுவாள். இருவருக்கும் ஒரே வயது. வேலை முடிந்ததும் இவன் கீழிருந்து ஏற, அவன் மேலிருந்து இறங்க, ஆறாவது மாடித் திருப்பத்து ஜன்னலோரம் சந்தித்து ஆளுக்கொரு சிகரெட் பற்றவைப்பார்கள். எந்தக் கட்டடமானாலும் அவர்களுக்கு ஆறாவது மாடிதான் டீக்கடை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்தும் நிதானம் குழியை விட்டு வெளியே வரவில்லை. வெடி இறங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அடி எதுவும் படவில்லை. எழுந்து ஏறுவதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை, அதுதான் விஷயம். பல மாதமாகத் தூக்கம் போயிருந்தது. சாப்பாடு மண்ணாக இறங்கியது. குழந்தை இல்லாததா, அப்பா போனதா, எது என்று சுட்டிக் காட்ட முடியாத ஒரு பாரம். வெடி எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் கழித்து, "மாப்ள, எனக்குப் பசிக்குது. நீ வராம நான் சாப்பிட மாட்டேன். என் வயித்துப் பாவம் உனக்கு வேணுமா, யோசிச்சுக்க" என்றான்.

மறுநாள் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனதும் அவன்தான். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸிடம், "நோயாளி நான்தாம்மா, இவன் துணைக்கு வந்திருக்கான்" என்றான். அவன் பேச்சும் கையாட்டலும் அப்படி, நர்ஸ் நம்பிவிட்டாள். அவன் பெயரில் சீட்டும் எழுதிவிட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு நிதானம் சிரித்தது அன்றைக்குத்தான்.

மாத்திரைகள் மெல்ல வேலை செய்தன. தூக்கம் திரும்பியது, பசி திரும்பியது. ஒன்றரை வருஷம் கழித்து டாக்டரம்மா சிகரெட்டைப் பற்றிப் பேச்செடுத்தார். அது இல்லாவிட்டால் நரம்பெல்லாம் பறக்கும், இருக்கிற நிம்மதியும் போய்விடும் என்று நிதானம் பயந்தான். டாக்டரம்மா சிரித்தார்.

"போன சிகரெட் கிளப்பிவிட்ட படபடப்பைத்தான் அடுத்த சிகரெட் அடக்குது. புள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுற கதை இது. ஆனா தனியா விடாதீங்க. துணையோட விடுங்க."

துணை என்று அவர் சொன்னதில் பலது அடங்கியிருந்தது. தோளில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டைகள். புகையை விடுகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடக்கூடிய ஒரு தொலைபேசி எண். மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்ற கண்டிப்பு. தூக்கம் கெட்டாலோ, பழைய நினைப்புகள் தலைதூக்கினாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றே வர வேண்டும் என்ற உத்தரவு. கடைசியாக, தினமும் உண்மையைச் சொல்ல ஒரு ஆள்.

"அந்த ஆள் நான்தான். நானும் விட்டுடறேன் டாக்டர். ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஒட்டுங்க" என்றான் வெடி. டாக்டரம்மா பட்டைகளை இரண்டு கட்டாகக் கொடுத்தார்.

முதல் வாரம் நரகம். கரண்டி தப்பான டப்பாவில் கிடந்ததற்காக மனைவியிடம் நிதானம் போட்ட சத்தம் அடுத்த வீடு வரை கேட்டது. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பரிசோதிக்க உதவிவிட்டு வந்து, இவன் கண்ணில் என்ன தெரிகிறது என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பரிசோதிப்பாள். மூன்றாவது வாரம் தூக்கம் போனது. உத்தரவுப்படி அன்றே டாக்டரிடம் போனான். அவர் மருந்தைக் கொஞ்சம் மாற்றினார், ஐந்தாறு நாளில் சரியானது. தொலைபேசியில் வந்த பெண்மணி பெயரைச் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. மேடம் என்றே கூப்பிட்டான். ஆசை ஒரு அலை மாதிரி எழும்பி நாலைந்து நிமிஷத்தில் தானே இறங்கும், அதுவரை கையை எதிலாவது வையுங்கள் என்றார். கணக்குப் பார்த்தான். நாலு போல்ட்டை இறுக்குகிற நேரம். அந்த மாதம் அவன் தொட்ட எந்த லிஃப்டிலும் ஒரு போல்ட்கூடத் தளர்ந்து இருக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார் அந்த மேடம். "பாதியில விழறவங்க நிறையப் பேருங்க. விழுந்தா எங்கிட்ட சொல்லுங்க, எழுந்து மறுபடி ஆரம்பிச்சுக்கலாம். மறைச்சா மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லாவற்றுக்கும் மேலே காலைக் குரல் இருந்தது. "பூட்டு", "பூட்டு", "சாவி?", "எங்கிட்ட" முடிந்ததும், வெடி இருட்டுக்குள் இன்னொரு கேள்வியை இறக்குவான்.

"புகை?"

"இல்ல. உனக்கு?"

"இல்ல."

ஒருமுறை மூன்றாம் மாடிக் குடித்தனக்காரர் இதைக் கேட்டுவிட்டு, லிஃப்டில் புகை வருகிறதாமே என்று அலுவலகத்துக்குப் புகாரே கொடுத்தார். மேலதிகாரி இருவரையும் நிற்கவைத்து விசாரித்தார். "வரலைன்னுதான் சார் தினமும் சொல்லிக்கிறோம்" என்றான் வெடி.

நாலாவது மாதம் நிதானத்துக்கு மூக்கு திரும்பியது. மழை வாசனை, சோப்பு வாசனை, கிரீஸ் வாசனை எல்லாம் தனித்தனியாக வந்தன. ஒரு நாள் வெடியின் சட்டையில் சிகரெட் வாடை அடித்தது. "என் மச்சான் வந்து தங்கியிருக்கான்டா. வீடு பூரா ஊதித் தள்ளுறான்" என்றான் வெடி, கிராம்பை மென்றுகொண்டே. பாவம், இப்படி ஒரு மச்சானோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவன் எப்படித்தான் தாக்குப்பிடிக்கிறானோ என்று நிதானம் வியந்தான். அன்றைக்கு அவனுக்கே ஆசை முட்டியபோது அந்த வியப்பே ஒரு போல்ட்டாக உதவியது.

இப்படி இருநூற்றுப் பதினாலு நாள்.

இருநூற்றுப் பதினைந்தாவது நாள் ஞாயிறு. காய்கறிப் பையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த வெடி, இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்கவில்லை. கண்டக்டர் தோளைத் தட்டியபோது சாய்ந்துவிட்டான். மாரடைப்பு என்றார்கள்.

சாவு வீட்டில் நிதானம் நின்ற இடத்திலேயே நின்றான். அழுகை வரவில்லை, ஆசை வந்தது. மேடம் சொன்ன அலை எழும்பத் தொடங்கியது. வாசலில் ஆண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். ஒருவர் சிகரெட் பெட்டியைத் திறந்து சுற்றிலும் நீட்டினார். அது வெடியின் மச்சானிடம் வந்தது. இந்த மனுஷனைத்தானே மூன்று மாதமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தோம் என்று நிதானம் பார்த்தான். மச்சான் கையை விலக்கிக்கொண்டார்.

"பழக்கமே இல்லைங்க. ஆஸ்துமா. வாடை பட்டாலே இழுத்துக்கும்."

அலை பாதியில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. சாவு வீட்டில் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. வீடு வரை வாய்க்குள் வைத்துக்கொண்டு நடந்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து, வேலையிடத்து அலமாரியைக் காலி செய்து தர வெடியின் மனைவியை வரச் சொன்னார்கள். கூட நிற்க நிதானத்தையே அனுப்பினார்கள். அவள் கொண்டுவந்த சாவிக்கொத்தில் மெஷின் ரூமில் வெடி போடும் பூட்டின் சாவியும் தொங்கியது. அலமாரிக்குள் ஒரு மாற்றுச் சட்டை, சீப்பு, இரண்டு ஸ்பேனர், கிராம்பு டப்பா. டப்பாவுக்குப் பின்னால் சிகரெட் பெட்டி, உள்ளே நாலு மிச்சம். அதற்கும் கீழே டாக்டரம்மா கொடுத்த பட்டைகள். மேலே போட்டிருந்த ரப்பர் வளையம்கூடக் கழற்றப்படவில்லை.

"எப்பலேருந்தும்மா?" என்றான்.

"எப்ப விட்டாரு, ஆரம்பிக்கறதுக்கு. மூணு நாள் இருந்தாருண்ணா. நாலாம் நாள் வெக்கப்பட்டுக்கிட்டே ஊதினாரு. அப்புறம் வெக்கமும் போயிடுச்சு."

"தினமும் எங்கிட்ட இல்லன்னு சொன்னானே."

"உங்களுக்காகத்தாண்ணா. அவன் இப்பத்தான் நல்லா வர்றான், நான் ஊதுறது தெரிஞ்சா அவனும் எடுத்துடுவான், மறுபடி குழியில போய் உக்காந்துடுவான்னு சொல்வாரு." அவள் சட்டையை மடித்தபடி, ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அடுத்ததையும் சொன்னாள். "அண்ணிக்குக்கூடத் தெரியுமே."

நிதானம் சிகரெட் பெட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மனைவி கடையிலிருந்து வந்தபோது பெட்டி சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. அவள் முதலில் பார்த்தது அதை அல்ல, அவன் விரல்களை. பிறகு உதட்டை. அந்தப் பார்வை எத்தனையோ மாதமாகத் தன்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னோடது இல்ல. அவனோடது. உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. "நாலு மாசமா. பஸ் ஸ்டாப்புல பார்த்துட்டேன். கையெடுத்துக் கும்பிட்டாருங்க, சொல்லிடாதம்மான்னு."

"எல்லாருமா சேர்ந்து."

"பயந்தோங்க. நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு."

"நான் என்ன கண்ணாடியா? அப்ப உங்க கடையிலேயே அலமாரியில வச்சிருக்கலாமே."

அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டான். நோய் வந்தபோது அவன் எதையும் மறைக்கவில்லை. குழிக்குள் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பதை உலகத்தில் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருந்தான், ஒருத்தி இவள், இன்னொருவன் வெடி. சொன்னதை அவர்கள் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் அதையே அளவுகோலாக்கி அவனுக்கு எவ்வளவு உண்மை தாங்கும் என்று அளந்திருக்கிறார்கள். அவன் மாத்திரை தின்னும் மனுஷன், அவனுக்குப் பாதி உண்மை போதும் என்று.

மறுநாள் காலை வேலைக்குப் போன கட்டடத்தில் ஆறாவது மாடித் திருப்பத்து ஜன்னலில் போய் நின்றான். பெட்டியிலிருந்து ஒன்றை உருவினான். விரல் இடுக்கு அதை மறக்கவில்லை, சொந்த வீடு மாதிரி இடம் கொடுத்தது. தீப்பெட்டி இல்லை. கேட்டால் வாட்ச்மேன் தருவார். இருநூற்றுச் சொச்சம் நாள் யாரோடு சேர்ந்து கடந்தோம் என்று நினைத்தானோ, அவன் முதல் நாலு நாள்கூடக் கூட வரவில்லை. பிறகு இது யாருடைய விரதம்? படிக்கட்டில் இறங்கத் தொடங்கியவன், ஐந்தாவது மாடியில் நின்று அந்த எண்ணைக் கூப்பிட்டான். வெடி போன பிறகு கூப்பிடவே இல்லை.

"எத்தனையாவது நாள்னு கேக்காதீங்க மேடம். அந்தக் கணக்குல பாதி பொய்."

எல்லாவற்றையும் சொன்னான். அவர் நடுவில் "உம்" மட்டும் போட்டார். பிறகு கேட்டார்:

"உங்க பாதில பொய் இருக்கா?"

"இல்ல."

"அவர் ஏமாத்தினதுல எது ரொம்ப வலிக்குது?"

நிதானம் படியில் உட்கார்ந்துவிட்டான். ஊதியதா, மச்சான்மேல் பழி போட்டதா, மனைவியையும் கூட்டுச் சேர்த்ததா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எதுவும் இல்லை.

"நான் குழியில கெடந்தப்ப அவன் எறங்கி வந்தான் மேடம். அவன் விழுந்தப்ப என்னைக் கூப்பிடல. பட்டையெல்லாம் பிரிக்காம வச்சிருக்கான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒட்டிவிட்டிருப்பேன். தூக்கறவன் அவன், தூக்கப்படறவன் நான். அப்படியே வச்சிருக்கான், கடைசி வரைக்கும்."

அவர் மன்னிக்கச் சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தானே செய்தார் என்றும் சொல்லவில்லை. கோபம் வர வேண்டிய இடம்தான் என்றார். கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"சிகரெட். பத்த வைக்கல. வச்சா அவங்க பயந்தது சரின்னு ஆயிடும். அந்த ஒரே வீம்புதான்."

"இன்னிக்கு அந்த வீம்பு போதும். ரொம்ப நாள் ஓடாது, நாளைக்கு வேற ஏதாவது வேணும். நாளைக்கும் கூப்பிடுங்க. தூக்கம் எப்படி இருக்கு?"

"ரெண்டு நாளா இல்ல."

"அப்ப டாக்டரை இன்னிக்கே பாருங்க. சாயங்காலம்னு தள்ளிப்போடாதீங்க."

நாலு சிகரெட்டையும் கழிவு எண்ணெய் டப்பாவுக்குள் போட்டு ஸ்க்ரூடிரைவரால் அமுக்கினான். மத்தியானம் டாக்டரிடம் போனான். தனியாக. நர்ஸ் தலையை எட்டி நீட்டி, அந்தச் சத்தக்காரர் வரவில்லையா என்று கேட்டாள். வரவில்லை என்றான்.

அதன் பிறகும் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. மனைவி கேட்டால் பதில் சொல்கிறான். ஒரு நாள் அவள், இனிமேல் எதையும் மறைக்க மாட்டேன் என்றாள். "சரி" என்றான். அந்தச் சரியில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. மாத்திரையை அவள் எடுத்துக் கொடுப்பது வழக்கம். இப்போது அவனே எடுத்துக்கொள்கிறான்.

ஒரு மாதம் கழித்து, வேறு கிளையிலிருந்து ஒரு புதுக் கூட்டாளியைப் போட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய, அளந்து பேசுகிற மனுஷர். முதல் வேலையே பதினொரு மாடிக் கட்டடம். அவர் மேலே போனார். நிதானம் கீழே கதவைத் திறந்து குழியின் விளிம்பில் காலை வைத்துக் காத்திருந்தான்.

"பூட்டு" என்றது மேலிருந்து ஒரு மெல்லிய குரல்.

பதினாறு வருஷமாகத் திருப்பிச் சொன்ன சொல்லை நிதானம் இந்தத் தடவை சொல்லவில்லை. வெடியின் குரல் வேலையில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்பது அவனுக்குத் தெரியும். வெடி அணைத்தேன் என்றால் அணைத்திருப்பான், அதில் துளி சந்தேகம் இல்லை. அந்த உண்மையைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுதான், அதே குரலில் வந்த "இல்ல"வையும் உண்மை என்று எடுத்துக்கொண்டது. ஒரே குழாயில் இரண்டு தண்ணீர் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

"அங்கேயே இருங்க, வர்றேன்" என்று கத்திவிட்டுக் கருவிப் பெட்டியின் அடியைத் துழாவினான். எண்ணெய்க் காகிதத்தோடு பூட்டை எடுத்துக்கொண்டு படியேறினான்.

முன்பெல்லாம் நாலாவது மாடியிலேயே மூச்சு இரைக்கும். நாலு கடந்தது, ஐந்து கடந்தது, நெஞ்சு சும்மா இருந்தது. இது மட்டும் பொய்யில்லை என்று நினைத்தான். ஆறாவது மாடித் திருப்பத்தில் நின்றான். மூச்சு வாங்கவில்லை, ஆனாலும் நின்றான். ஜன்னல் விளிம்பில் யாரோ எப்போதோ தேய்த்து அணைத்த சாம்பல் வட்டங்கள் இருந்தன. இது அவனும் வெடியும் வழக்கமாக வந்த கட்டடம். வட்டங்களில் பாதி வெடியுடையது. விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே ஏறினான்.

மெஷின் ரூமில் புதியவர் முகம் சுண்டிப்போயிருந்தது. கைப்பிடி இறங்கியிருந்தது, அவர் பூட்டு ஒழுங்காகத் தொங்கியது.

"இதுக்காகவா பதினோரு மாடி ஏறி வந்தீங்க? எம்மேல நம்பிக்கை இல்லையா?"

நிதானம் சுவரில் இருந்த படத்தைக் காட்டினான். "அதுல ரெண்டு பூட்டு இருக்குங்க."

காகிதத்தைப் பிரித்தான். பூட்டு புதுசாக, கொஞ்சம் விறைப்பாக இருந்தது. இரண்டு தடவை அழுத்திய பிறகுதான் பிடித்தது. சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பதினொரு மாடியும் இறங்கினான்.

கீழே வந்ததும் வழக்கப்படியே "சாவி?" என்றான். "எங்கிட்ட" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இருட்டுக்குள்ளிருந்து எதுவும் வரவில்லை. வராது என்று தெரியும். இருந்தும், நாலு போல்ட்டை இறுக்குகிற நேரம் தலையை அண்ணாந்தபடி நின்றான். பிறகு சட்டைப்பையைத் தொட்டுத் தன் சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழிக்குள் இறங்கினான்.